பின்வளவுப் பனியில் நரிக்கால் வார்த்தது

நரியின் முன்கால் தடம் ஒன்று ஒருவழியாகப் பிளாஸ்டரில் வந்துவிட்டது. நான்கு விரல்கள், நடு இரண்டு விரல்களின் நுனியில் நகம் குத்திய புள்ளிகள், உள்ளங்கால் மெத்தையில் குறுக்காக ஓடும் மெல்லிய வரம்பு. அந்த வரம்புதான் செந்நரியின் முத்திரை. வீட்டு நாய்க்கும் கொயோட்டிக்கும் (ஓநாய்க்கு இனமான, அதைவிடச் சிறிய காட்டு விலங்கு) அது கிடையாது. நீளம் 5.4 செ.மீ., அகலம் 4.3. இப்போது அது சமையலறை யன்னலில், குளிருக்காக உள்ளே தூக்கிவைத்திருக்கும் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் காய்கிறது. இந்த மாரிக்காலத்துக்குள் இதை எப்படிச் செய்தோம் என்பதை மறக்கமுதல் எழுதிவைக்கிறேன். மண்ணில் கால்தடம் வார்ப்பது சுலபம். பனியில் வார்ப்பது வேறு வேலை.

வீடு ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில். பின்வேலிக்கு அந்தப்பக்கம் நாலைந்து வீடுகள் தள்ளி ஹைலண்ட் கிறீக் என்ற ஓடையின் பள்ளத்தாக்கு. ரொறன்ரோவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 17 வீதம் இப்படியான பள்ளத்தாக்குகள்தான். நரி, ரக்கூன், ஸ்கங்க் (நாற்றம் பீச்சும் சிறு விலங்கு), ஆந்தை எல்லாவற்றுக்கும் அதுதான் நெடுஞ்சாலை. எங்கள் வளவுகள் அதன் ஒழுங்கைகள். கோடையில் இவை வந்துபோவது தெரியாது, புல் காட்டிக்கொடுக்காது. பனி விழுந்த பிறகுதான் இரவில் இங்கே இத்தனை போக்குவரத்து என்று விளங்கியது.

முதலில் செய்தது வார்ப்பு வேலையே அல்ல, தும்புத்தடி வேலை. விழுந்து நாலு நாள் ஆன பனி மேலே ஓடு கட்டிவிடும். முயல் போனாலும் அணில் போனாலும் பதியாது. தடம் நன்றாகப் பதிவது, கெட்டியான பழைய பனிக்கு மேல் இரண்டு மூன்று செ.மீ. புதுப்பனி விழுந்திருக்கும்போது. ஒரு சாண் ஆழத்துக்குப் புதுப்பனி கொட்டினால் அதுவும் பிழை. கால் புதைந்து வெறும் குழிகளே மிஞ்சும். ஆகவே வேலியோரம் 1 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாத்தி ஒதுக்கினேன். மாலையில் மேல் ஓட்டை மண்வெட்டியால் உடைத்து, இலைவாரியின் முதுகால் தட்டி, கடைசியில் தும்புத்தடியால் லேசாக இழுத்துவிடுவது. காலையில் வேலைக்குப் போகமுதல் பத்து நிமிடம் பார்ப்பது. பாத்தி எங்கே என்பதுதான் முக்கியம். புல்வெளியின் நடுவில் வைத்தால் ஒன்றும் வராது. விலங்குகள் விளிம்போடுதான் போகும்: வேலி அடி, ஷெட்டின் சுவர், டெக்கின் (வீட்டோடு ஒட்டிய மரமேடை) ஓரம்.

அடுத்த கருவி ஓர் இரும்பு அளவுகோல். இதன் அருமை பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, உங்கட வளவுக்குள்ள ஓநாய் வந்திருக்கு" என்று சொன்ன அன்றுதான் தெரிந்தது. ஓநாய் இங்கே இல்லை, கொயோட்டியைத்தான் சொல்கிறார். போய்ப் பார்த்தால் உண்மையிலேயே உள்ளங்கையளவு தடங்கள், வரிசையாக. அதற்கு முந்தைய இரண்டு நாளும் நல்ல வெயில். வெயில் பட்ட தடம் ஓரங்களில் உருகி அகலும், இரவில் உறையும், மறுநாள் இன்னும் அகலும். ஆனால் ஒரு தடத்தின் நடுவுக்கும் அடுத்த தடத்தின் நடுவுக்கும் இடையில் உள்ள தூரம் அப்படியே இருக்கும். அளந்தேன்: 19, 21, 20, 20 செ.மீ. நடந்துபோகும் வீட்டுப்பூனையின் எட்டு (காலடி இடைவெளி) இது. நரி ஓட்டநடையில் போனால் 35 செ.மீ.க்குக் குறையாமல் வைக்கும், கொயோட்டி அரை மீட்டரையும் தொடும். வேலியின் நிழல் விழுந்த இடத்தில் அதே வரிசையின் உருகாத தடம் ஒன்று கிடைத்தது: வட்டம், 3.5 செ.மீ., நகக்குறி இல்லை. மூன்று வீடு தள்ளியிருக்கும் செம்பட்டைப் பூனையாகத்தான் இருக்கவேண்டும். அன்ரிக்கு இதில் அவ்வளவு திருப்தி இல்லை.

அதற்குப் பிறகு எதைக் கண்டாலும் முதலில் இடைவெளியையே அளப்பது, பாதத்தைப் பிறகு. காலில் எத்தனை விரல் என்று குனிந்து தேடுவதைவிட, நிமிர்ந்து நின்று ஐந்தாறு எட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆள் யாரென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அணிலும் முயலும் இரண்டும் தாவித்தான் போகும், இரண்டிலும் பின்கால்கள் முன்கால்களுக்கு முன்னே விழும். அணில் மரம் ஏறுகிறது, அதனால் முன்கால் இரண்டையும் பக்கம் பக்கமாக ஊன்றும். நாலு தடமும் ஒரு சதுரத்துக்குள் அடங்கும். முயல் முன்கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும்; நீண்ட முக்கோணம் கிடைக்கும். முயலுக்கு அடிக்காலில் மெத்தை தெரியாது, மயிர் மூடியிருக்கும். விரலைத் தேடி நேரம் வீணாக்கவேண்டாம். நரி, பின்காலை முன்கால் பதிந்த அதே குழியில் வைத்து நூல் பிடித்தது போல நேராகப் போகும். வீட்டு நாய் அப்படியில்லை. அதற்கு இராச்சாப்பாடு வீட்டில் இருக்கிறது, ஆகவே அங்கேயும் இங்கேயும் முகர்ந்துகொண்டு கோணல் மாணலாகப் போகும்.

மகளுக்கு எட்டு வயது. காலையில் என்னோடு வந்து நிற்பாள். அவளுக்கு அளவுகோலில் அக்கறை இல்லை, "மாயம்" வேண்டும். அது ஒருநாள் உண்மையாகவே கிடைத்தது. டெக்குக்குக் கீழிருந்து ஓர் எலியின் தடம். ஒவ்வொன்றும் நகக்கண் அளவு, நாலு நாலாக, நடுவில் வால் இழுபட்ட கோடு. அது பாத்தியைக் கடந்து, புல்வெளியில் இரண்டு மீட்டர் போய், நின்றுவிட்டது. திரும்பி வரவில்லை. துளையும் இல்லை.

"அப்பா, எலி எங்க போனது?"

நானும் கொஞ்ச நேரம் முழித்தேன். குனிந்து, கிட்டத்தட்ட பனியில் கன்னம் படும் அளவுக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் பக்கத்தில் இருந்தவை தெரிந்தன: கடைசித் தடத்துக்கு இருபுறமும், விரல்களால் மெல்ல வருடியது போல, பிரிந்து பிரிந்து போகும் கீற்றுகள். இறகு நுனிகள். நடுவில் ஒரு சிறு பள்ளம். ஒரு கீற்றின் வெளி நுனியிலிருந்து மற்றதன் நுனிவரை 52 செ.மீ. இரவில் எலி பிடிப்பது, இந்த அகலத்துக்குச் சிறகு விரிப்பது, பள்ளத்தாக்கு மரப்பொந்துகளில் இருப்பது: ஸ்க்ரீச் ஆந்தை. அதன் சிறகு விரிப்பு அரை மீட்டரிலிருந்து 60 செ.மீ. வரை. மகள் கேட்ட அடுத்த கேள்வி, "அப்ப எலிக்கு நொந்திருக்குமோ?" அதற்கு அளவுகோலில் பதில் இல்லை.

இந்தக் கீற்றுகளை வார்க்கமுடியாது. ஒரு மூச்சு விட்டாலே அழிந்துபோகும். படம் எடுக்கவேண்டும், அதற்கும் ஒரு வழி உண்டு. பகல் வெளிச்சத்தில் எடுத்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் வரும். ஒரு தடிப்பான மட்டையால் நிழல் போட்டு, டோர்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து ஒரு பக்கமிருந்து அடித்தால் ஒவ்வொரு கீற்றும் எழுந்து நிற்கும். கமரா நேர் மேலிருந்து பார்க்கவேண்டும், அளவுகோல் படத்துக்குள் இருக்கவேண்டும். பனியின் வெள்ளையைக் கண்டு கமரா தானே இருட்டாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வைத்தேன். ஃபோனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருந்து எடுக்கும்போது மட்டும் வெளியே எடுக்கவேண்டும். குளிரில் பற்றரி பாதி இருக்கும்போதே படுத்துவிடுகிறது.

ஆந்தையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் நரியையாவது கையில் பிடிக்கவேண்டும் என்ற ஆசை. தை மாதம் இங்கே நரிகள் சோடி சேரும் காலம். அப்போது அவை வேலிக்கட்டையில் விடும் மூத்திரத்துக்கு ஸ்கங்க் நெடிபோல ஒரு வாடை இருக்கும். அதனால் ஸ்கங்க்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வேலியின் மூலைக்கட்டையில் அந்த வாடையும், அடியில் பனியில் ஒரு மஞ்சள் கறையும், நேர்கோட்டில் 38 செ.மீ. இடைவெளியில் தடங்களும் இருந்தன.

பிளாஸ்டர் ஒவ் பாரிஸ் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சூடாகும். மண்ணில் அது பொருட்டே இல்லை. பனியில் அந்தச் சூடு தடத்தைத் தின்றுவிடும். முதல் வார்ப்பில், மண்ணுக்குச் செய்வது போலவே குழைத்து நேரே ஊற்றினேன். ஒரு மணித்தியாலம் கழித்துக் கவிழ்த்துப் பார்த்தால் குழம்பில் ஊறிய வடை மாதிரி ஒரு கட்டி. விரலும் இல்லை, நகமும் இல்லை.

அடுத்தது, தடயவியல்காரர் பனியில் சப்பாத்துத் தடம் எடுக்கும் வழிகள். கந்தகத்தை உருக்கி ஊற்றுவது ஒன்று. பனியைத் தொட்டவுடனேயே அது உறைந்துவிடும், நுணுக்கம் நன்றாக வரும். ஆனால் உருக்கும்போது எழும் புகையை நினைத்தால், பிள்ளையும் வயதான அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு அது சரிவராது. பனித்தடத்துக்கென்றே விற்கும் மெழுகு ஸ்பிரே இன்னொன்று. விலையைப் பார்த்துவிட்டு மூடினேன். மிஞ்சியது, தண்ணீரையும் குளிரையும் வைத்தே தடத்துக்கு ஓர் ஓடு கட்டும் வழி. தடங்களைப் பின்தொடர்ந்து பழகியவர்கள் செய்வது இதுதான்.

மெல்லிய தூளாகப் பிளாஸ்டரைத் தடத்தின் மேல் தூவவேண்டும், அதன்மேல் தண்ணீரைப் புகையாக அடித்து உறையவிடவேண்டும். கையால் தூவினால் கட்டி கட்டியாக விழுந்து தடத்தை உடைக்கிறது. அரிதட்டு வேண்டும். சமையலறையில் இருந்ததை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கும்போது அம்மா கண்டுவிட்டா. "புட்டுமா அரிக்கிற அரிதட்டையோ கொண்டு போறாய்?" அதோடு அந்த வேலை அன்றைக்கு நின்றது. வேறொன்று வாங்கினேன், 7 டொலர். கண் சிறியதாகப் பார்த்து வாங்கியதால் இது அம்மாவினதைவிட நல்லது. ஆனால் அதை வீட்டில் சொல்லவில்லை.

அரிதட்டும் வந்தது, குளிரும் வந்தது, சைபருக்குக் கீழே 17 பாகை. ஓடு அருமையாகக் கட்டியது. மேலே ஊற்றிய பிளாஸ்டர்தான் கெட்டது. வேதிவினை நடந்து இறுகமுதல் உள்ளே இருந்த தண்ணீரே உறைந்துவிட்டது. தூக்கும்போது கல் மாதிரி இருந்த வார்ப்பு, வீட்டுக்குள் இளகியதும் விரலால் தேய்க்கத் தூளாக உதிர்ந்தது. ஆகவே அதிகக் குளிரும் எதிரி. சைபரை ஒட்டிய ஈரப்பனி இன்னும் மோசம், ஸ்பிரே அடிக்க அடிக்கத் தடம் கரைகிறது. எனக்குச் சரிவந்தது சைபருக்குக் கீழே 6 முதல் 10 பாகை வரை, காற்றில்லாத காலை, வெயில் படாத மூலை. இந்த மூன்றும் சேர்ந்து அமையும் நாளுக்குத்தான் காத்திருக்கவேண்டியிருந்தது.

சரிவந்த முறை இது. தடத்தைச் சுற்றி வைக்க ஒரு வளையம் வேண்டும். தேர்தல் முடிந்தும் கராஜுக்குள் கிடந்த நெளிபிளாஸ்டிக் விளம்பரப் பலகையில் 4 செ.மீ. அகலப் பட்டி வெட்டி, 14 செ.மீ. குறுக்களவுக்கு வளைத்து டேப் ஒட்டினேன். அதைத் தடத்தைத் தொடாமல் பனியில் ஒரு செ.மீ. அமுக்கவேண்டும். அரிதட்டை முழங்கை உயரத்தில் பிடித்து விரலால் தட்டி, பனி லேசாகச் சாம்பல் நிறம் காட்டும் அளவுக்கு மட்டும் தூவல். ஸ்பிரே போத்தலில் ஐஸ்தண்ணீர். நேரே அடிக்கக்கூடாது, அரை மீட்டர் உயரத்தில் கிடையாக அடித்துத் துளிகள் தாமாக விழவிடவேண்டும். பத்து நிமிடம் உறையவிடல். இப்படி மூன்று படை. மூன்றாவதற்குப் பிறகு நகத்தால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தால் மெல்லிய ஓட்டுச் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் நாலாவது.

குழைக்கும்போது தண்ணீருக்குள் பிளாஸ்டர் போகவேண்டும், பிளாஸ்டருக்குள் தண்ணீர் அல்ல. மாறிச் செய்தால் கட்டி படும். அளவு, 1 கோப்பை தண்ணீருக்கு 2 கோப்பை தூள். அந்தத் தண்ணீரிலேயே ஒரு பிடி பனியைப் போட்டுக் கரையவிட்டு, கரைந்த பிறகு 1 கோப்பை அளந்தேன். அப்போதுதான் அது உண்மையிலேயே குளிர்ந்திருக்கும். தூளைத் தூவி ஒரு நிமிடம் ஊறவிட்டு மெல்லக் கிண்டவேண்டும். வேகமாகக் கிண்டினால் காற்றுக்குமிழி வரும். அது அப்படியே நரியின் விரல் நுனியில் ஒரு பருவாக நிற்கும். கரண்டியில் தூக்கி ஊற்றும்போது விழுந்த கோடு ஒரு நொடி நின்று மறைந்தால் பதம் சரி. சிலர் சீக்கிரம் இறுக உப்புச் சேர்ப்பார்கள். பனிக்குப் பக்கத்தில் உப்பைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. ஊற்றுவது தடத்தின் மேல் நேரே அல்ல, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் ஊற்றி, பக்கத்திலிருந்து வழியவிட்டு. 2.5 செ.மீ. தடிப்புக்குக் குறைந்தால் தூக்கும்போது உடையும். மேலே ஒரு கார்ட்போர்ட் பெட்டியைக் கவிழ்த்து மூடி, ஒன்றரை மணித்தியாலம் விட்டேன்.

வளையத்தைப் பிடித்து இழுக்கக்கூடாது. மண்வெட்டியை அடியில் விட்டு, ஒரு சாண் பனியோடு சேர்த்தே தூக்கி, கராஜில் ஒரு தட்டில் வைத்தேன். பனி தானாக உருகி வடிந்தது. ஒட்டியிருந்த தூளை மறுநாள் பழைய பல்துலக்கியால், கீழே கொட்டாமல் ஒரு வாளித் தண்ணீருக்குள் கழுவினேன். அந்தத் தண்ணீர் சிங்குக்குப் போகக்கூடாது. குழாய்க்குள் இறுகினால் பிறகு வருகிறவருக்குக் கொடுக்கும் காசில் பத்து மூட்டை பிளாஸ்டர் வாங்கலாம். வாளியில் அடியில் படிய விட்டு, மேல் தண்ணீரை வெளியே ஊற்றி, அடியைச் சுரண்டிக் குப்பைக்குப் போடுவதுதான் நல்லது. தூள் குழைக்கும்போது முகக்கவசம் போடவேண்டும். பிள்ளைகள் "என்ர கையையும் வார்ப்பம்" என்று கேட்பார்கள். பெரிய கட்டிக்குள் கையை வைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சூடு தோலை வேகவைத்துவிடும், அதற்கு மட்டும் இணங்கக்கூடாது.

டெக்குக்குக் கீழே போய்ப் பார்க்கமுடியாது, அங்கே பனியும் இல்லை. அதற்கு மை வைத்த சுரங்கம். இங்கிலாந்தில் முள்ளெலி வருகிறதா என்று பார்க்க வைப்பார்களே, அந்த மாதிரி. அதே தேர்தல் பலகைதான். 60 x 45 செ.மீ. பலகை இரண்டு. நெளிவு 45 செ.மீ. பக்கமாக ஓடுகிறது, அந்த நெளிவோடு மேல் தோலை மட்டும் கத்தியால் கீறினால் அழகாக மடியும், குறுக்கே மடித்தால் முறியும். 18, 18, 18, மிச்சம் 6 செ.மீ. ஒட்டுவதற்கு. இரண்டு முக்கோணக் குழாய்களையும் முனையோடு முனை சேர்த்து ஒட்டினால் கிட்டத்தட்ட 90 செ.மீ. சுரங்கம். அடியில் நடுவே மை, இருபுறமும் வெள்ளைத் தாள்.

மைக்கு, தேங்காய் துருவி மிஞ்சிய சிரட்டையைப் பார்பிகியூவில் எரித்து அரைத்த கரி. விலங்கு காலை நக்கும் என்பதால் கடை மை கூடாது. கரியோடு சேர்க்கக் கைக்கெட்டிய தேங்காயெண்ணெயை எடுத்தேன். பின்நேரம் போய்ப் பார்த்தால் மை கறுப்புச் சோப்பாகக் கட்டியிருந்தது. 24 பாகைக்குக் கீழே உறையும் எண்ணெயைக் கனடா மாரியில் வெளியே வைத்தவன் நான். கனோலா எண்ணெய் சைபருக்குக் கீழேயும் ஓடும், அதில் குழைத்ததும் வேலை செய்தது. இரை எதுவும் வைக்கவில்லை. நகரத்தில் காட்டு விலங்குக்குச் சாப்பாடு வைக்கத் தடை இருக்கிறது, அதோடு சுவரோரமாக வைத்தால் எலிக்கு இரையே தேவையில்லை, எப்படியும் அந்த வழியாகத்தான் ஓடும். தாளில் வந்தவை முன்காலில் நாலு, பின்காலில் ஐந்து விரல் கொண்ட சின்னஞ்சிறு புள்ளிக் கூட்டங்கள். ஆந்தைக்குப் பிறகும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மகள் ஆறுதலடைந்தாள். அந்தத் தாளைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருக்கிறாள்.

ஷெட்டின் அடியில் ஒரு துளை கோடையிலிருந்தே இருந்தது, யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். நல்ல குளிரான ஒரு காலையில் அதன் மேல்விளிம்பில் மட்டும் உறைபனி ஊசிகள், சில ஒரு செ.மீ. நீளம். பக்கத்துப் பலகையில் ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து வரும் மூச்சின் ஈரம்தான் வெளிக்குளிரில் பட்டு இப்படி முளைக்கிறது. துளைக்குள் சூடான உடம்பு ஒன்று படுத்திருக்கிறது என்று அர்த்தம். உறுதிப்படுத்த, செய்தித்தாளை லேசாகக் கசக்கித் துளை வாயில் செருகி வைத்தேன். குளிர் நாட்களில் அசையவே இல்லை. மாசியில் பனி இளகிய ஓர் இரவில் தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தது. சகதிப் பனியில் ஐந்து விரல், அதற்கு முன்னே தள்ளி நீண்ட நகங்களின் புள்ளிகள். ஸ்கங்க். அது முழு உறக்கம் உறங்குவதில்லை, கடும் குளிரில் வாரக்கணக்காகப் படுத்துக்கிடந்து இளகின நாளில் எழும்பி வரும். செருகிய தாளை இறுக்கியோ கல் வைத்தோ அடைத்திருந்தால் பாவமும் சேர்ந்திருக்கும், நாற்றமும் சேர்ந்திருக்கும். இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். மே மாதம் குட்டி போடுமுதல் தானாகப் போனால், பிறகு கம்பிவலை அடிக்கலாம்.

தொடாமல் விட்டது ஒன்று உண்டு. ஷெட் கூரையின் ஓரத்தில் ரக்கூனின் எச்சக் குவியல். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகும் பழக்கம் அதற்கு. அதில் வட்டப்புழு முட்டைகள் இருக்கலாம், மனிதருக்குப் போனால் மூளையையும் கண்ணையும் தாக்கும். காய்ந்ததைக் கூட்டித் தூசு கிளப்பக்கூடாது. அதைப் படம் மட்டும் எடுத்தேன், மகளை ஏணிக்குக் கிட்ட விடவில்லை.

செலவு: பிளாஸ்டர் 18 டொலர், அரிதட்டு 7, முகக்கவசம் 5, டேப் 4, ஸ்பிரே போத்தல் 2. மொத்தம் 36. பலகை, சிரட்டை, அளவுகோல் வீட்டில் இருந்தவை. பிளாஸ்டரில் பாதிக்குமேல் உருப்படாத வார்ப்புகளிலேயே போனது.

அடுத்த மாரிக்குச் சில மாற்றங்கள். பல் வைத்தியத்தில் அச்சுக்குள் ஊற்றிப் பல் மாதிரி வார்க்கப் பாவிக்கும் கல்மாவை (dental stone) வாங்கிப் பார்க்கவேண்டும், விலை கூட என்றாலும் பல மடங்கு உறுதி. வெறும் பிளாஸ்டரில் நரியின் நகநுனி ஒன்று துடைக்கும்போதே போய்விட்டது. வளையத்துக்குப் பதில் 50 செ.மீ. நீளச் சட்டம் செய்து, அடுத்தடுத்த இரண்டு தடங்களை ஒரே வார்ப்பில் எடுக்கவேண்டும். இடைவெளிதான் ஆளைச் சொல்கிறது என்றால், ஒற்றைக் காலை மட்டும் யன்னலில் வைத்திருப்பது பாதி வேலைதான். வெப்பமானியைக் கராஜ் சுவரில் அல்ல, பாத்தியிலேயே தரைமட்டத்தில் வைக்கவேண்டும். இரண்டுக்கும் மூன்று நாலு பாகை வித்தியாசம் வந்தது.

இலையுதிர்காலத்தில் வேலியோரக் கோல்டன்ராட் (மஞ்சள் பூப் பூக்கும் காட்டுச்செடி) தண்டுகளை வெட்டாமல் விடுவதும் அதில் சேர்த்தி. இந்த முறை சோம்பலில் விட்டது நல்லதாய்ப் போயிற்று. தண்டின் நடுவில் கோலிக்குண்டு அளவில் வீங்கியிருக்கும் உருண்டைக்குள் ஓர் ஈயின் புழு மாரியைக் கழிக்கிறது. உடம்பில் கிளிசரோல் சேர்த்துக்கொண்டு, உறைந்தாலும் சாகாமல். ஒன்றைப் பேனாக்கத்தியால் பிளந்தோம்: நடுவறையில் அரிசிமணி அளவு வெள்ளைப் புழு, அதிலிருந்து வெளித்தோல் வரை அது முன்கூட்டியே குடைந்து வைத்த வழி. மற்ற உருண்டைகளில் சிலவற்றில் சுத்தமான கூம்புத் துளை, அது டவுனி மரங்கொத்தி, அந்த வழியையே கண்டுபிடித்துக் குத்தியது. சிலவற்றில் பிய்த்துப் போட்ட பெரிய ஓட்டை, அது சிக்கடீக் குருவி. எண்ணிப் பார்த்ததில் துளையில்லாதவைதான் கூட. அவற்றை வசந்தத்தில் ஈ வெளியே வரும்வரை வெட்டப்போவதில்லை.

மிஞ்சிய ஒன்றரைக் கிலோ பிளாஸ்டரை மூடி இறுக்கமான வாளியில் போட்டு பேஸ்மென்டில் வைத்திருக்கிறேன். கராஜில் வைத்தால் கோடைப் புழுக்கத்தில் ஈரம் இழுத்து, மார்கழியில் திறக்கும்போது பாதி கட்டியாகிவிடும்.